கேமரன் மலையில் நான் போர்த்திய பொன்னாடை

மலை ஏறும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த சீனப் பெண்மணி, வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி ஒரு நெகிழிப் பையைத் தந்தார். வேண்டாம் என்றேன். ஊட்டியும் வால்பாறையும் கொல்லிமலையும் ஏறிய உடம்பு இது என்று தமிழில் வேறு சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்து வரிசையில் இருந்த தமிழர் ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "வேணாம்னு சொல்றவங்களுக்குத்தான் மொதல்ல வரும்னு சொல்றாங்க சார்."

சில வளைவுகள் கழித்து அந்தப் பையைக் கேட்டு வாங்கினேன். அவர் அதை மடியிலேயே தயாராக வைத்திருந்தார்.

என்னை அழைத்திருந்தவர் சந்திரன். ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. தோட்டத்துத் தமிழர்கள் நடத்தும் வாசகர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு நான் சிறப்பு விருந்தினன். வசன கவிதை எழுதுகிறவனைக் கடல் தாண்டிக் கூப்பிடுகிறார்களே என்று ஊரில் ஒரு மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தத் தோட்டம் என்று இங்கே எழுதப் போவதில்லை. சந்திரன் என்பதும் அவர் பெயரல்ல. இதை எழுதலாம் என்ற அனுமதி கிடைக்க நெடுநாள் ஆயிற்று. கிடைத்ததும்கூட, யாரையும் அடையாளம் தெரியாதபடி எழுதினால் மட்டும் என்ற நிபந்தனையோடுதான்.

பேருந்து நிலையத்தில் மண் அப்பிய பழைய ஜீப்போடு சந்திரன் நின்றுகொண்டிருந்தார்.

"பசியாறுனீங்களா ஐயா?"

பசி ஆறியதா என்று ஒரு மனிதனைப் பார்த்ததும் கேட்கும் ஊர். நாங்கள் டிபன் ஆச்சா என்று சொல்லைச் சுருட்டி வைத்துக்கொண்டிருக்கும்போது, காலை உணவுக்கு இப்படி ஒரு வினைச்சொல்லை இவர்கள் கெடாமல் வைத்திருக்கிறார்கள். என் பசி வளைவுகளில் போய்விட்டது என்றேன். "தாப்பா லா, பரவால்ல, எல்லாருக்கும் போறதுதான்," என்று சொல்லி, வாழையிலையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கைக் கையில் திணித்தார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலி, வேர்க்கடலை, இனிப்பும் காரமுமாய் ஒரு சம்பல். ஜீப் குலுங்கக் குலுங்கச் சாப்பிட்டேன். சட்டையில் சிவப்பு விழுந்தது. அழகாகத்தான் இருந்தது.

தேயிலை எனக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அது வேறு மாதிரிப் பச்சை. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே யானை வரும் என்ற பயம் நிழல்போல் நின்றுகொண்டிருக்கும். இங்கே ஒரு குன்று முழுக்கச் சீவிய தலைபோலத் தேயிலை. அடுத்த குன்று முழுக்க நெகிழிக் கூரைகள். திரிங்காப் பக்கம் போனால் பூத்தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் போட்ட அந்தக் கூரைகள் வெயிலில் மினுங்கி, மலையே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் எதிரே வரும்போது ஜீப் சரிவின் விளிம்புக்குப் போகும். நான் கண்ணை மூடுவேன். சந்திரன் விசிலடிப்பார்.

அவர் வீடு லயத்தில், தோட்டத்து ஆட்களின் குடியிருப்பு வரிசையில், இருந்தது. தகரக் கூரை, முன்னால் ஒரு சாமந்திப் பாத்தி, வரிசையாக ஒட்டி ஒட்டி வீடுகள். மனைவி பவானி, டின் சார்டினைத் தக்காளியும் கறிவேப்பிலையும் போட்டுச் சமைத்திருந்தார். டின்னில் அடைத்த மீனை இளக்காரமாக நினைப்பவன் நான். இரண்டாம் முறை சோறு கேட்டேன்.

"கவிஞருக்குப் பிடிச்சிருச்சி. நாளைக்கும் இதான்," என்றார் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ராஜம்மா. தேயிலை வெட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும், பேச்சில் எப்போதும் ஒரு கத்தரி. "செலவு மிச்சம் லா, பவானி."

மறுநாள் சனிக்கிழமை. சந்திரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பனி எப்படிச் சரிவில் இறங்குகிறது என்று பார்க்கப் போனேன். பனி பார்க்கத்தான் போனேன், சேற்றைப் பார்க்கவில்லை. திருப்பத்தில் மோட்டார் வழுக்கியது. சந்திரன் லாகவமாக இறங்கி நின்றுகொண்டார். நான் கால்வாயோரம் கிடந்த தகரத்தின் மேல் விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே தோல், மூடி திறந்ததுபோல் திறந்துகொண்டது.

கிளினிக் டவுனில். ஆனால் வார இறுதி. ஸ்ட்ராபெரி பறிக்கவும் படம் பிடிக்கவும் சமவெளியிலிருந்து வந்த கார்கள் மலைச்சாலை முழுக்க நின்றன. "இப்பக் கெளம்புனா சாயங்காலம்தான் போய்ச் சேரலாம். ரொம்ப சூசா, கஷ்டம் லா," என்றார் சந்திரன். பவானி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் உள்ளே போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்கள். வெளியே வந்து சந்திரன் சொன்னார்:

"ஐயா, ஒருத்தவங்க வருவாங்க. நல்லாத் தச்சு விடுவாங்க. ஆனா இது நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

"ஐயையோ, நான் யாரிடம் சொல்லப் போகிறேன்," என்றேன். வலியில் எதையும் ஒப்புக்கொள்ளும் நிலை.

வந்தவரை எல்லாரும் பூக்காரக்கா என்றார்கள். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, காலில் ரப்பர் பூட்ஸ். திரிங்காப்பில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பூத்தோட்டத்தில் சாமந்தி கட்டும் வேலை. கையில் பிஸ்கட் டின். திறந்தால் கொதிக்க வைத்த ஊசிகள், நூல், பஞ்சு. பஞ்சின் வாசனைக்கு மேலே சாமந்தி மணத்தது.

"சார் கவிதை எழுதுவீங்களாமே. ஒண்ணு சொல்லுங்க. ஊசி தெரியாது."

என் நீளமான கவிதையைத் தொடங்கினேன். முதல் பத்தி முடிவதற்குள் அவர் நூலை வெட்டிவிட்டார்.

"முடிஞ்சிருச்சி. மிச்சத்தக் கட்டுப் பிரிக்கிறப்ப சொல்லுங்க."

அவர் தமிழ் இந்த மலையின் தமிழ் இல்லை. எங்கள் ஊர்த் தமிழும் இல்லை. 'லா' இல்லாத, கொஞ்சம் பழைய, பொத்தி வைத்த தமிழ். எங்கே பிறந்தவர் என்று கேட்டேன். பவானி தட்டைக் கீழே வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டது. மறுபடியும் கேட்டேன். கேள்வி கேட்பதில் நான் கெட்டிக்காரன். வலியில் கிடக்கிறவன் கேட்டால் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள் என்றும் தெரிந்தவன்.

அவர் பர்மாத் தமிழச்சி. பாட்டன் காலத்தில் போன குடும்பம். ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியில் தலைமைச் செவிலியாக இருந்தவர். ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆஸ்பத்திரி ஊழியர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள், இவரும் வெளியேறினார். ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். சுடப்பட்டவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, போனால் கைது. அதனால் கோயில் மடப்பள்ளியில் ஓர் அறையை ஒழித்து, இவரும் ஒரு டாக்டரும் காயங்களுக்குக் கட்டுப் போட்டார்கள்.

"டாக்டர் என்ன ஆனார்?"

"பிடிச்சிட்டாங்க."

"நீங்கள்?"

"சந்தைக்குப் போயிருந்தேன் சார். வெங்காயம் வாங்க."

அவ்வளவுதான். வெங்காயம் வாங்கப் போன பெண் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. காடு, எல்லை, படகு, லோரி என்று வந்து, எப்படியோ இந்த லயத்தில் நின்றுவிட்டார். கைது ஆணை அங்கே அப்படியே இருக்கிறது. காயத்துக்கு மருந்து போட்டதுதான் குற்றம். அவருடைய பெயரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். இந்த மலையில் யாரும் கூப்பிடாத பெயர். இரண்டு மொழிகள் கலந்த, முடியும்போது மணி ஒன்று தொங்குவதுபோல் ஒலிக்கும் பெயர்.

எங்கள் ஊரில் தடியடி நடந்த ஆண்டில் நான் எழுதிய கவிதைகளைப் படுத்தபடியே நினைத்துப் பார்த்தேன். உடைந்த தலைகள் அவற்றில் உண்டு. ரத்தம் உண்டு, அதற்கு நிலவை உவமை சொல்லியிருக்கிறேன். அந்தத் தலைகளைக் கழுவித் தைத்த கை ஒன்றுகூட இல்லை. இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை விழா. தமிழ்ப்பள்ளி மண்டபம், காகிதப் பூ, ஒலிபெருக்கி, முன்வரிசையில் ஈப்போவிலிருந்து வந்த பிரமுகர்கள், பின்னால் லயத்து மக்கள். எல்லாவற்றுக்கும் பின்னே, சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில், தட்டுகளைத் துடைத்தபடி பூக்காரக்கா. இங்கும் நம் ஊரைப் போலவேதான்: யார் பேசினாலும் முதலில் பொன்னாடை. மன்றத் தலைவர் ஒன்று போர்த்தினார், பள்ளியின் சார்பில் ஒன்று, கோயில் கமிட்டியில் ஒன்று. ராஜம்மா தட்டோடு வந்து எனக்குச் சந்தனம் வைத்துவிட்டு, "வேர்க்கப் போவுது கவிஞரே, மலைக்கு வந்தும்," என்று காதோரம் சொல்லிப் போனார்.

மேடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இடம் தெரியும். தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து, தன்னைவிடத் தகுதியான ஒருவருக்குப் போர்த்துவது. அதைவிடப் பெரிய கைதட்டல் கிடையாது. பலர் செய்து பார்த்திருக்கிறேன். செய்யும்போது போர்த்துகிறவர் முகம்தான் படத்தில் நன்றாக விழும்.

நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: இந்த ஆடைக்கு என் தோளைவிடத் தகுதியான தோள் இந்த மண்டபத்தில் இருக்கிறது. துப்பாக்கிக்கு முன்னால் ஊசியும் நூலும் பிடித்து நின்ற தோள். சுடப்பட்ட பிள்ளைகளின் புண்ணைக் கழுவியதற்காகச் சொந்த நாடு வேட்டையாடுகிற ஒரு செவிலி, இதோ, உங்களுக்குத் தட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெயர் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வாக்கியம் முடிய ஒரு ஓசை தேவைப்பட்டது. அந்தப் பெயர் அதற்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. முழுப் பெயரையும், ஆஸ்பத்திரி இருந்த ஊரையும் சேர்த்துச் சொன்னேன்.

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசைகளில் தொடங்கிய கைதட்டல் நடுவிலேயே நின்றது. அந்த அமைதியை என் சொற்களுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

முன்வரிசைப் பெண்கள் இருவர் ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை, இழுத்தால் இன்னும் நேரம் ஆகும், இன்னும் எல்லாரும் பார்ப்பார்கள். மேடையில் நான் பொன்னாடையைப் போர்த்தும்போது அவர் கூப்பிய கைகளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தார். பணிவு என்று நினைத்தேன். படம் எடுக்க வசதியாக, அந்தக் கைகளை நானே மெல்லக் கீழே இறக்கிவிட்டேன். இதைத்தான் எழுத முடியாமல் இத்தனை பத்திகள் சுற்றி வந்தேன்.

ஓரத்தில் மூன்று கால் தாங்கியில் ஒரு கைப்பேசி, விழாவை உலகத்துக்கு நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் என் இருபக்கமும் காலி. ராஜம்மா சாம்பார் வாளியோடு வந்தார். என் இலைக்கு முன் நின்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். மறந்துவிட்டார் போல என்று நினைத்து, "அம்மா, இங்கே," என்றேன்.

"ஒங்களுக்குத்தான் கைதட்டு கெடச்சிருச்சே."

சந்திரன் வந்து என்னைப் பள்ளிக்குப் பின்னால் அழைத்துப் போனார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஐயா, அவங்ககிட்ட பாஸ்போட்டு இல்ல, ஐசி கார்டு இல்ல, ஒண்ணும் இல்ல. இமிகிரேசன்காரங்க புடிச்சா கேம்ப். கேம்புலேருந்து அவங்க நாட்டுக்கு அனுப்பிருவாங்க. அங்க போனா ஜெயில். ஜெயிலு வரைக்கும் உயிரோட போறவங்களுக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "தவுக்கே இப்பதான் போன் பண்ணாரு. வீடியோவப் பாத்துட்டாராம். இனிமே வர வேணாம்னு அழுவாத கொறையா சொல்றாரு. அவரையும் புடிப்பாங்கல்ல."

"நான் நல்லதென்று நினைத்துத்தான்…"

"தெரியும் லா. அதான் இப்ப பிரச்சன. கெட்டவனா இருந்தா திட்டிட்டுப் போயிருவேன். நீங்க நல்லவரு. சம்பளமில்லாம மலையேறி வந்தவரு. ஒங்கள என்ன சொல்றது?"

மன்றத்துக்காரர்கள் நேரலையை நீக்கினார்கள். அதற்குள் சென்னையில் என் நண்பர் அதை இறக்கி, 'மனிதம் இன்னும் சாகவில்லை' என்று தலைப்பிட்டு, என்னையும் பூக்காரக்காவையும் ஒரே படத்தில் நிறுத்திப் பதிவிட்டிருந்தார். உடனே அழைத்து எடுக்கச் சொன்னேன்.

"எதுக்குங்க எடுக்கணும்? அழுதுட்டேன் நான். எல்லாரும் பகிர்றாங்க. ஒரு பத்திரிகைல அந்த அம்மா நம்பர் கேக்குறாங்க, இருக்கா?"

உயிர்ப் பிரச்சினை என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை, அவரைக் கேலி செய்வதற்காக அல்ல, என்னை அதில் பார்த்ததால் எழுதுகிறேன்: "அப்படின்னா இன்னும் அழுத்தமா எழுதணுமேங்க." கடைசியில் எடுத்தார். ஆனால் அவரிடமிருந்து எடுத்தவர்களிடமிருந்து எடுக்க எனக்குக் கை நீளம் போதவில்லை.

பிற்பகலில் சந்திரன் வீட்டுக் கட்டிலில், போர்வையால் மூடிக்கொண்டு கிடந்தேன். கட்டு மாற்ற வேண்டிய நாள் அது. வரமாட்டார் என்று நினைத்தேன். வராமலிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிஸ்கட் டின்னோடு வந்து நின்றார்.

"காலை நீட்டுங்க சார்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சீழ் இல்ல. நல்லா ஆறுது."

"அம்மா, நான்…"

"சார், அசையாதீங்க."

பஞ்சால் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "அங்க எங்க பேரெல்லாம் டிவில வாசிப்பாங்க. ராத்திரிச் செய்தியில, படத்தோட. இன்ன ஆஸ்பத்திரி, இன்ன நர்ஸ், தேடப்படுறாங்கன்னு. என் பேர வாசிச்சப்ப நான் வேற ஊர்ல ஒரு வீட்டுல ஒளிஞ்சிருந்தேன். சரியாவே வாசிக்கல. பேருல இருக்கிற தமிழ் வாயில வரல அவங்களுக்கு." நூலை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "நீங்க சரியா வாசிச்சீங்க."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஊரில் தம்பி இருக்கிறான் என்றார். விழா முடிந்ததுமே போனில் பேசிவிட்டாராம். அக்காவின் முகம் வெளியே வந்துவிட்டது, விசாரிக்க முதலில் உன்னிடம்தான் வருவார்கள், வீட்டை விட்டுப் போய்விடு என்று. "மாட்டேங்கிறான். மாடு கன்னு போட்டிருக்காம். அத யாரு பாப்பாங்குறான்." முதல் முறையாக அவர் கை கொஞ்சம் நின்றது. "நாளைக்குப் போறேன்னான். நாளைக்குப் போயிட்டா சரி."

கட்டி முடித்ததைப் பார்த்தேன். முதல் நாள் போட்ட கட்டு அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. இன்று கோணல். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஒல்லி, முடிச்சு செருப்பு வாரில் போடுவதுபோல.

"கை நடுங்குதா அம்மா?"

"இல்ல சார். வேணும்னுதான். அங்க சிப்பாய்ங்க ரோட்டுல மறிச்சுக் கட்டைத்தான் பாப்பாங்க. நேர்த்தியா இருந்தா எந்த நர்ஸ் போட்டதுன்னு கேட்டு, காயம்பட்டவங்கள அடிப்பாங்க. அதனால கோணலாக் கட்டப் பழகுனோம். வீட்டுல யாரோ கட்டுன மாதிரி இருக்கணும்." டின்னை மூடினார். "இங்க வந்து அந்தப் பழக்கத்த விட்டிருந்தேன். நல்லாக் கட்டுறதுல ஒரு சந்தோஷம் இருக்குல்ல."

நான் ஊருக்குப் போனதும் அமைப்புகளிடம் பேசுகிறேன், மனு எழுதுகிறேன், மருத்துவ ஊழியர்களைக் காக்க உலகச் சட்டங்கள் இருக்கின்றன என்றெல்லாம் சொன்னேன். இருக்கின்றன. போரில் காயத்தைத் தொடுகிறவரைத் தண்டிக்கக் கூடாது என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"செய்ங்க சார். என் பேரப் போடாம செய்ங்க."

திங்கட்கிழமை காலை பவானி ரொட்டியும் பருப்புக்கறியும் வைத்தார். வைத்ததும் அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். சந்திரன் வேலைக்குப் போயிருந்தார். வெயில் ஏறியதும் வந்து என்னைப் பேருந்துக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முன் ஒருமுறை பூக்காரக்காவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. எதற்கு? மன்னிப்பு முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை என்ற குறை. அதுவும் என் குறைதான், அவருடையதல்ல. அதை இப்போது எழுதும்போது தெரிகிறது.

நொண்டிக்கொண்டு லயத்தின் நடுப்பகுதிக்குப் போனேன். அவர் தங்கியிருந்த வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த அக்கா சார்?"

"பூக்காரக்கா. பர்மாவிலிருந்து…"

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லியே. அடுத்த வீட்டுச் சொந்தக்காரங்களா இருக்கும், கேட்டுப் பாருங்க."

அந்த வீட்டில் கேட்டேன். அதற்கடுத்த வீட்டுக்கு வந்தவர் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒரு முதியவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்து, நான் சொல்வதை முழுதும் கேட்டு, "இன்னும் ரெண்டு வீடு தள்ளி ஒரு பொம்பள வந்து போவும், அதுவா?" என்றார். இரண்டு வீடு தள்ளிப் போனேன். முந்தாநாள் எனக்கு வாழைப்பழம் தந்த அம்மா அங்கே. என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல் பார்த்தார். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு வீட்டில் தேநீர்கூடக் கொடுத்தார்கள். வரிசையின் கடைசி வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போகச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது.

இத்தனை நாளாக அவரை அந்த மலையில் வைத்திருந்தது இதுதான். யார் வந்து கேட்டாலும் அவர் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர். ஆளுக்கு ஒரு சிறு பொய், ஒரு வீட்டுக்கு மேல் கனக்காத பொய். நான் ஒரு சீருடைக்காரனைப்போல் அந்த வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். அவரை யாரிடமிருந்து காக்கிறார்களோ, அந்த ஆள் இப்போது நான்.

முதல் வீட்டுக்கு, அதாவது ராஜம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அவர் படியில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை. வலது கையில் விரல்களிலிருந்து மணிக்கட்டுவரை கட்டு, என் காலில் இருப்பதைப் போலவே கோணலாக. நேற்று எனக்குச் சந்தனம் வைத்தபோது அந்தக் கை நன்றாக இருந்தது.

"கையில் என்ன?"

"காலையில தீட்டுறப்ப கத்தரி வெட்டிருச்சி."

துணியில் கசிந்த ரத்தம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. காலையில் பட்ட காயம். காலையில் போட்ட கட்டு. அப்படியானால் பூக்காரக்கா இன்னும் எங்கோ கூப்பிடு தூரத்தில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறார். என் முகத்தில் அது ஓடியதை ராஜம்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீடுகளின் பக்கம் திரும்பாமல் மலையைப் பார்த்தேன். கீழே எங்கோ ஒரு லோரி ஏற்றத்தில் முனகிக்கொண்டிருந்தது.

"யார் கட்டியது?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நானேதான் கட்டிக்கிட்டேன்."

"வலது கைக்கு?"

"எடது கையால."

"சரி," என்றேன்.

"ஒங்க காலுல யாரு கட்டுனா?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. நேற்று மேடையில் எனக்கு எத்தனை சொற்கள் கிடைத்தன.

"நானேதான் கட்டிக்கொண்டேன்," என்றேன்.

ராஜம்மா முகத்தைச் சுளித்தார்.

"நல்லா வரல கவிஞரே. கண்ணு அங்க இங்க போவுது. வழியில யாராச்சும் கேப்பாங்க, பஸ்ஸுல கேப்பாங்க, ஏர்போட்டுல கேப்பாங்க. இன்னொரு தரம் சொல்லுங்க."

நான் அவருக்கு எதிரே படியில் உட்கார்ந்து, மறுபடியும் சொன்னேன்.